பக்கத்தில் உட்காரத் தெரிந்தவர்

கேட்கும் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

(ஒலி, இசை, ஒலிப்பதிவு பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுபவர் தருமபுரியில் மைக் செட் கடை நடத்துகிறார். மாவட்டத்தின் கூத்து மேடைகளை நெடுங்காலமாக ஒலிப்பதிவு செய்துவருகிறார்.)

கேள்வி: கணினியிலும் மின்கருவிகளிலும் இசை செய்பவர்களில் யாரைக் கேட்கலாம் என்று சென்ற இதழில் ஒருவர் கேட்டதற்கு, 'ரியூச்சி சகாமோட்டோ' என்று ஒரு பெயரை மட்டும் எழுதி முடித்துவிட்டீர்கள். யார் ஐயா அவர்? ஏன் அவர்?
– கல்லூரி மாணவி, அரூர்

அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு உங்களைப் போலவே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள் அம்மா. அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் அவருக்கே ஒதுக்கும்படி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன்.

சகாமோட்டோ ஜப்பானியர். 1952-ஆம் ஆண்டு டோக்கியோவில் பிறந்தவர். தந்தை இலக்கியப் பதிப்பாசிரியர். கென்சாபுரோ ஓஎ, யூகியோ மிஷிமா போன்ற பெரிய எழுத்தாளர்களோடு வேலை செய்தவர். தாய் தொப்பி வடிவமைப்பாளர். மகன் சிறு வயதிலேயே பியானோ கற்றார். டெபுஸ்ஸி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரைப் பித்துப் பிடித்தவர் போலக் கேட்டு வளர்ந்தார். டோக்கியோவில் தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பு படித்து முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கே படித்த காலத்தில் அவர் மனம் இரண்டு திசையில் ஓடியது. ஒகினாவா, இந்தியா, ஆப்பிரிக்கா என்று மக்களின் மரபிசையை ஆராய வேண்டும் என்பது ஓர் ஆசை. பல்கலைக்கழகக் கூடத்தில் இருந்த மூக், புக்லா போன்ற சிந்தசைசர்களை, அதாவது மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் கருவிகளை, திருகிப் பார்க்க வேண்டும் என்பது இன்னோர் ஆசை. கடைசிவரை அவர் இரண்டையும் விடவில்லை.

1978-இல் 'தவுசண்ட் நைவ்ஸ்' என்ற முதல் தனி ஆல்பம் வந்தது. அதே ஆண்டில் ஹருஓமி ஹொசோனோ, யுகிஹிரோ தகாஹாஷி ஆகியோருடன் சேர்ந்து 'யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா' என்ற குழுவாக வெளிவந்தார். அவர்கள் பயன்படுத்திய ரோலண்ட் எம்சி-8 என்ற கருவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குப் பியானோக் கட்டைகள் கிடையாது. கணக்குப் போடும் கருவியில் இருப்பதைப் போன்ற எண் பலகைதான். ஒரு சுரம் எது, எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும், அடுத்தது எப்போது வர வேண்டும் என்பதையெல்லாம் எண்களாகத் தட்டி ஏற்ற வேண்டும். அந்தப் பொறுமையான வேலையை ஹிடெகி மாட்சுடாகே என்ற நான்காவது ஆள் செய்தார். குழு 1983-இல் கலைந்தது. அவர்களின் 'பிஹைண்ட் த மாஸ்க்' என்ற பாட்டைப் பின்னாளில் மைக்கேல் ஜாக்சனும் எரிக் கிளாப்டனும் பாடினார்கள் என்றால் அதன் வீச்சைப் புரிந்துகொள்ளலாம்.

அதன் பிறகு நடிப்பு, திரைப்பட இசை, ஆஸ்கர், ஒலிம்பிக்ஸ், ஓபரா, காட்சிக்கூடங்களில் ஒலி அமைப்புகள், கடைசியில் மிக மெதுவான, கிட்டத்தட்ட மௌனமான இசை. 2023 மார்ச் 28 அன்று 71 வயதில் காலமானார்.

ஏன் அவர் என்று கேட்டீர்கள். மின்னிசைக்காரர்களைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் பெரும்பாலும் கருவிகளின் கதையாகவே இருக்கும்: எந்த சிந்தசைசர், எந்த ஆண்டு, எத்தனை பொத்தான். சகாமோட்டோவின் வாழ்க்கையைப் படித்தால் மனிதர்களின் பெயர்கள்தான் வரிசையாக வருகின்றன. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, தனக்கு வராத ஒன்று யாருக்கு வருகிறதோ அவரைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்து வரும்போது அவருடைய வாசிப்பு மாறியிருந்தது. அதனால்தான் அவர்.

கேள்வி: எல்லாரோடும் சேர்ந்து வாசித்தார் என்கிறார்கள். அப்படியானால் அவர் நடுவில் உட்காரும் வித்வானா, பக்கவாத்தியமா?
– கூத்து ஜமாவில் ஆர்மோனியம் வாசிப்பவர், பென்னாகரம்

அண்ணா, நீங்கள் கேட்டால்தான் இந்தக் கேள்விக்கு ஒரு கனம் வருகிறது. உங்கள் ஜமாவில் முகவீணை என்ற சிறிய ஊதுகருவியை வாசிப்பவர் என்ன செய்கிறார் என்பதை மேடை ஓரத்திலிருந்து ஹெட்ஃபோனில் பல விடியல்கள் கேட்டவன் நான். வேஷக்காரர் ஓர் அடியைப் பாடி முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் முகவீணை அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவர் அடுத்த அடியை எடுத்ததும் தழைந்துவிடும். முகவீணை எங்கே நின்றது, எங்கே தழைந்தது என்று கூட்டம் கவனிப்பதில்லை. அது இல்லாவிட்டால் மட்டும் உடனே தெரியும்.

சகாமோட்டோ இரண்டு இடத்திலும் உட்கார்ந்தவர். டேவிட் சில்வியன் என்ற ஆங்கிலப் பாடகருடன் இருந்த நட்பைப் பாருங்கள். 'மெர்ரி கிறிஸ்மஸ் மிஸ்டர் லாரன்ஸ்' படத்தின் புகழ்பெற்ற மெட்டு சகாமோட்டோவுடையது. அதற்கு சில்வியன் சொல் எழுதிப் பாடி, 1983-இல் 'ஃபர்பிடன் கலர்ஸ்' என்ற பாட்டானது. சில்வியன் தன் குரலை அந்த மெட்டின் மேல் அப்படியே ஏற்றவில்லை; அதன் பக்கத்தில் தனியாக ஒரு கோடு போட்டுப் போனார். சகாமோட்டோ அதற்கு இடம் விட்டார். தன் மெட்டைத்தான் பாட வேண்டும் என்று அவர் அடம்பிடித்திருந்தால் அந்தப் பாட்டே இல்லை.

1987-இல் வந்த 'நியோ ஜியோ' ஆல்பத்தில் அமெரிக்க ராக் பாடகர் இக்கி பாப் ஒரு பாட்டில் வருகிறார். இன்னொரு பக்கம் ஒகினாவாத் தீவின் பெண் பாடகிகள் தங்கள் ஊர்ப்பாட்டை மின் தாளத்தின் மேல் பாடுகிறார்கள். மாணவப் பருவத்தில் எழுத நினைத்த ஆராய்ச்சியை அவர் இப்படித்தான் செய்து முடித்தார் என்று நான் எண்ணுகிறேன்.

2001-இல் பிரேசில் போனார். செல்லோ வாசிக்கும் ஜாக்ஸ் மொரெலன்பாம், அவர் மனைவி பவுலா ஆகியோருடன் 'காசா' என்ற ஆல்பம். போசா நோவா இசையின் தலைமகன் அந்தோனியோ கார்லோஸ் ஜோபிம் வாழ்ந்த ரியோ வீட்டில், ஜோபிமின் சொந்தப் பியானோவில் உட்கார்ந்து வாசித்த பதிவு அது. உலகப் புகழ் வந்த பிறகு இன்னொருவரின் வீட்டில், இன்னொருவரின் கருவியில், இன்னொருவரின் பாட்டுகளை அடக்கமாக வாசிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அந்த ஆல்பம் முழுவதும் அவர் விரல் குரலுக்கு முன்னால் ஓடுவதே இல்லை.

எனவே அண்ணா, என் கணக்கில் அவர் பக்கவாத்தியத்தின் காதோடு வாசித்த வித்வான்.

கேள்வி: அவரும் ஆல்வா நோட்டோவும் செய்த 'வ்ரியூன்' ஆல்பத்தைக் கேட்டேன். நடுநடுவே 'டிக் டிக்' என்றும் 'ஙீ' என்றும் சத்தம். ஃபோனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இதில் இசை எங்கே இருக்கிறது?
– பாலிடெக்னிக் மாணவர், கிருஷ்ணகிரி

தம்பி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஃபோனின் ஸ்பீக்கரில் கேட்பதை நிறுத்திவிட்டு நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். அந்தச் சிறிய ஸ்பீக்கரில் ஆழ்ந்த தொனிகள் வரவே வராது. அதன் அளவு அவ்வளவுதான். 'வ்ரியூன்' ஆல்பத்தின் பாதி உயிர் அந்த அடித்தொனியில் இருக்கிறது. நீங்கள் கேட்டது மேல்பாதி மட்டும்.

ஆல்வா நோட்டோ என்பது கார்ஸ்டன் நிக்கோலாய் என்ற ஜெர்மானியரின் மேடைப் பெயர். 1965-இல் இன்று கெம்னிட்ஸ் எனப்படும் நகரில் பிறந்தவர். படித்தது நிலக்காட்சி வடிவமைப்பு. அவருக்கு ஒலி என்பது கோடு, புள்ளி, இடைவெளி. சைன் அலை எனப்படும் கலப்பில்லாத தொனிகள், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் சொடுக்குகள், மின்கருவியின் பழுதுகள் என்று மற்றவர்கள் துடைத்தெறியும் ஒலிகள், இவைதான் அவர் கருவிகள். சகாமோட்டோ பியானோவில் கொஞ்சமாக வாசித்துப் பதிவை அனுப்ப, நிக்கோலாய் அதைக் கணினியில் நறுக்கி, நீட்டி, தன் ஒலிகளோடு அடுக்கினார். 2002-இல் 'வ்ரியூன்' வந்தது. பிறகு 'இன்சென்', 'ரெவெப்', 'யூடிபி', 'சம்வ்ஸ்' என்று 2011 வரை தொடர்ந்தார்கள்.

இசை எங்கே என்று கேட்டீர்கள். பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினால் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். கம்பளி சுற்றிய சுத்தி கம்பியை அடிக்கிறது. அந்த அடி ஒரு நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடும். பிறகு இருப்பதெல்லாம் வால். கட்டையை விடாமல் அழுத்திப் பிடித்தால் அந்த வால் பல நொடிகள் நீளும். மேலே உள்ள கூர்மையான தொனிகள் முதலில் கரையும், அடியில் உள்ளவை கடைசியில். பெரும்பாலான சுரங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கம்பிகள் உண்டு. அவற்றுக்குள் இருக்கும் மயிரிழை வேறுபாட்டால் வால் மெல்ல அலைபாயும். வேகமாக வாசிக்கும்போது அடுத்த அடி வந்து இந்த வாலை மூடிவிடுகிறது. நாம் கேட்பதே இல்லை.

சகாமோட்டோ 'வ்ரியூன்' ஆல்பத்தில் ஒரு கொத்துச் சுரத்தைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார். அது முழுவதும் கரையும்வரை காத்திருக்கிறார். அந்தக் கரைசலுக்குள்தான் நிக்கோலாய் வருகிறார். பியானோவின் ஒலி இறங்க இறங்க, அதே உயரத்தில் ஒரு சைன் தொனி கிளம்பி நிற்கும். எங்கே கம்பி முடிந்தது, எங்கே மின்சாரம் தொடங்கியது என்று காது தேடும். அந்தத் தேடல்தான் அதன் சுவை. உங்கள் 'டிக் டிக்'கையும் தாளமாகக் கேட்டுப் பாருங்கள்: ஒழுங்காக வருவது போல வந்து ஓர் இடத்தில் தவறும். தவறிய இடத்தில் பியானோ வந்து உட்காரும்.

ஓசூரில் வேலை பார்க்கும் என் மருமகன் அந்தக் குறுந்தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கடையில் பழுது பார்க்க வந்திருந்த ஸ்பீக்கர் பெட்டிகளில் அதைப் போட்டேன். எந்தப் பெட்டியில் கூம்பு கிழிந்திருக்கிறது, எதில் சுருள் உரசுகிறது என்று அந்த சைன் தொனிகள் காட்டிக் கொடுத்துவிட்டன. மற்ற பாட்டுகளில் ஒளிந்துகொள்ளும் குறை, இதில் ஒளிய இடமில்லை. வாசிப்பவனுக்கும் அப்படித்தான். இவ்வளவு வெறுமையில் ஒரு சுரம் தப்பாக வைத்தால் மறைக்க வழியே கிடையாது.

இன்னொன்றையும் கேளுங்கள்: 'கிளாஸ்'. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் கட்டடக் கலைஞர் ஃபிலிப் ஜான்சன் தனக்காகக் கட்டிக்கொண்ட கண்ணாடி வீட்டில், 2016-இல் இருவரும் முன்தயாரிப்பு இல்லாமல் வாசித்த பதிவு. வீட்டின் கண்ணாடிச் சுவரிலேயே ஒட்டும் மைக்கைப் பொருத்தி, கண்ணாடியைத் தேய்த்துத் தட்டி ஒலி எடுத்தார்கள். பாலிடெக்னிக்கில் படிக்கிறீர்கள், ஒட்டும் மைக் என்பது அதிர்வை மின்சாரமாக மாற்றும் மலிவான பீசோ தகடும் இரண்டு கம்பியும்தான். நீங்களே பற்றவைத்துச் செய்துகொள்ளலாம்.

கேள்வி: ஆஸ்கர் வாங்கியவர் என்று படித்தேன். அவ்வளவு உயரத்துக்குப் போனவர் பிறகு ஏன் யாரும் கேட்காத இசைக்குப் போனார்?
– குடும்பத் தலைவி, காரிமங்கலம்

யாரும் கேட்காத இசை என்று சொல்லிவிட முடியாது அம்மா. 1999-இல் அவருடைய 'எனர்ஜி ஃப்ளோ' என்ற பியானோ இசை ஜப்பானில் விற்பனையில் முதலிடம் பிடித்தது. பாட்டே இல்லாத வெறும் வாத்திய இசை அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. விரும்பியிருந்தால் அதே போல ஆண்டுக்கு ஒன்று செய்துகொண்டே இருந்திருக்கலாம்.

ஆஸ்கர் கிடைத்தது 'த லாஸ்ட் எம்பரர்' படத்துக்கு, 1988-இல். அதுவும் தனியாக இல்லை. டேவிட் பைர்ன், காங் சூ ஆகியோருடன் பகிர்ந்துகொண்டது. அந்தப் படத்தில் நடிக்கவும் செய்தார். பல ஆண்டு கழித்து 2015-இல் 'த ரெவெனன்ட்' படத்துக்கு நிக்கோலாயையும் பிரைஸ் டெஸ்னரையும் சேர்த்துக்கொண்டு இசை செய்தார். பலருடைய கை கலந்த இசை என்ற காரணத்தால் அது ஆஸ்கர் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. பரிசுக் குழுக்கள் ஒரே பெயரைத் தேடுகின்றன. அவரோ பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போனார். அதில் அவருக்கு இழப்பு இருந்ததாக நான் நினைக்கவில்லை.

கேள்வி: நெடுஞ்சாலையில் சைவ உணவகம் வைத்திருக்கிறேன். நாள் முழுக்கப் பாட்டு ஓடுகிறது. வாடிக்கையாளர்கள் சிலர் சத்தம் அதிகம் என்கிறார்கள். நிறுத்தினால் வெறிச்சென்று இருக்கிறது. என்ன செய்யலாம்?
– உணவக உரிமையாளர், கிருஷ்ணகிரி

இதற்கும் சகாமோட்டோவிடமே பதில் இருக்கிறது. நியூயார்க்கில் அவர் விரும்பிச் சாப்பிடும் ஒரு ஜப்பானிய சைவ உணவகம் இருந்தது, பெயர் கஜிட்சு. சாப்பாடு அருமை, ஓடும் பாட்டுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்விடவில்லை. சமையல் கலைஞருக்குக் கடிதம் எழுதி, பாட்டுப் பட்டியலை நானே செய்து தருகிறேன், பணம் வேண்டாம் என்றார். செய்தும் கொடுத்தார். அந்த அறையின் சுவர் நிறம், வெளிச்சம், உணவு எல்லாவற்றோடும் ஒலி பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

உங்களுக்கு என் யோசனை: ஸ்பீக்கரைக் கல்லாவுக்கு மேலே ஒன்றாக மாட்டி அலறவிடாமல், சிறிய பெட்டிகளாகப் பிரித்து நாலு மூலையில் தாழ்வாக ஒலிக்க விடுங்கள். பாடல் வரியை விடுத்து நாதஸ்வரமோ வீணையோ போடுங்கள். வரி இருந்தால் பேசுபவர் குரலை உயர்த்துவார். அவர் உயர்த்தினால் அடுத்த மேசை உயர்த்தும். மதியக் கூட்ட நேரத்தில் அணைத்தே வைக்கலாம். தட்டு, டம்ளர், தோசைக்கல் ஒலி போதும்.

கேள்வி: மின்னிசை வந்துதான் பம்பையும் முகவீணையும் அழிகின்றன. கூத்தை இவ்வளவு நேசிக்கும் நீங்கள் ஒரு கீபோர்டுக்காரரைக் கொண்டாடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாலக்கோடு

ஐயா, உங்கள் வருத்தம் என் வருத்தம்தான். மாரியம்மன் பண்டிகைக்குப் பம்பைக்காரர்களை அழைத்த ஊர்களில் இன்று கீபோர்டின் தாளப் பொத்தானை அழுத்திவிட்டுப் பாடுகிறார்கள். அந்த ஒலியைப் பெருக்கி அனுப்பும் வேலையையும் என் போன்றவர்கள்தான் செய்கிறோம். ஆனால் அழிப்பது மின்சாரம் இல்லை ஐயா. பம்பைக்காரருக்கு ஒரு நாள் கூலியைக் குறைக்கிறோம். அவர் மகன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறான். அடுத்த ஆண்டு அழைக்க ஆள் இல்லை. பிறகுதான் பொத்தான் வருகிறது. கூலியைக் கொடுங்கள், பம்பை நிற்கும். இதை எந்தப் பண்டிகைக் கமிட்டியிலும் நான் எழுந்து சொல்லத் தயார்.

சகாமோட்டோவின் செயல் ஒன்றைச் சொல்கிறேன். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. மியாகி மாநிலத்தின் நட்டோரி நகரில் ஒரு வேளாண்மை உயர்நிலைப் பள்ளி. அங்கிருந்த பியானோ கடல்நீரில் மூழ்கிக் கிடந்தது. சகாமோட்டோ அதைத் தேடிப் போய்ப் பார்த்தார். சில கட்டைகள் எழவே இல்லை. சில கம்பிகள் சுருதி தப்பி எங்கோ நின்றன. முதலில் கேட்டபோது ஒரு பிணத்தின் மேல் கை வைத்தது போல அவருக்கு இருந்தது. நாளாக ஆக வேறு எண்ணம் வந்தது. பியானோ என்பது மரத்தை நாட்கணக்கில் அழுத்தி வளைத்து, டன் கணக்கான இழுவிசையில் கம்பியைக் கட்டி, மனிதன் வகுத்த சுருதிக்கு இழுத்து நிறுத்திய பொருள். சுருதி கலைகிறது என்று நாம் சொல்வது, அந்தப் பொருள் தன் இயல்புக்குத் திரும்புவதுதான். இந்தப் பியானோவைக் கடல் சுருதி சேர்த்திருக்கிறது என்று அவர் எண்ணினார். அதன் ஒலியை 2017-இல் வந்த 'அசிங்க்' ஆல்பத்தில் சேர்த்தார். பிறகு ஷிரோ தகாதானி என்ற கலைஞருடன் சேர்ந்து, உலகின் நிலநடுக்கப் பதிவுகளைக் கொண்டு அந்தப் பியானோவின் கட்டைகள் தாமாக அசையும்படி ஒரு காட்சியை அமைத்தார்.

ஒரு பள்ளிக்கூடத்தின் பாழான கருவிக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தவரிடம் பம்பையைக் கொடுத்திருந்தால் தோலின் ஈரம் வரை கேட்டிருப்பார். அவரைக் கொண்டாடுவதில் கூத்துக்கு நான் துரோகம் எதுவும் செய்யவில்லை ஐயா. கூத்தைக் கேட்ட காதால்தான் அவரைக் கேட்கிறேன்.

கேள்வி: அவர் இசையை நாம் அறியாமலே கேட்டிருக்க வாய்ப்பு உண்டா?
– வாசகர், ஊத்தங்கரை

உண்டு. நோக்கியா 8800 ஃபோனின் ரிங்டோன்கள் அவர் செய்தவை. சேகா டிரீம்காஸ்ட் விளையாட்டுப் பெட்டியை இயக்கியதும் வரும் சிறு ஒலியும் அவருடையதே. 1992 பார்சலோனா ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், அவர் எழுதித் தாமே நடத்திய இசையையும் கேட்டிருப்பார்கள்.

கேள்வி: புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துவருகிறேன். அவருக்கும் அதே நோய் என்று தெரிந்தது. அந்த நாட்களில் அவர் என்ன செய்தார்?
– வாசகி, தருமபுரி

அம்மா, உங்களுக்கு நேராகவே எழுதுகிறேன். 2014-இல் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டார்கள். எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். தேறி வந்தார். அதற்குப் பிறகுதான் 'த ரெவெனன்ட்' இசையும் 'அசிங்க்' ஆல்பமும். என் கருத்தில் 'அசிங்க்' அவர் செய்ததில் மிகச் சிறந்தது. அதைச் செய்துகொண்டிருந்த காலத்தில் எடுத்த ஆவணப் படத்தில், மழை பெய்யும்போது தலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே நின்று, வாளியின் மேல் விழும் துளிகளை அவர் கேட்கும் காட்சி ஒன்று உண்டு. குழந்தையின் முகம் அவருக்கு அப்போது.

2020-இல் வேறோர் இடத்தில் புற்றுநோய் கண்டார்கள். பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, இசை செய்ய வேண்டும் என்ற திட்டம் எதுவுமில்லாமல், நாட்குறிப்பு எழுதுவதைப் போல சிந்தசைசரிலும் பியானோவிலும் கை போன போக்கில் பதிவு செய்தார். அவற்றில் பன்னிரண்டைத் தேர்ந்து, பெரும்பாலும் பதிவு செய்த தேதியையே தலைப்பாக வைத்து, '12' என்ற ஆல்பமாகத் தம் 71-ஆவது பிறந்தநாளில், 2023 ஜனவரி 17 அன்று வெளியிட்டார். அவர் மூச்சு விடும் ஒலி அதில் தெளிவாகக் கேட்கிறது. ஒலிப்பதிவு செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதை நீக்குவது எளிது. நீக்காமல் விட்டிருக்கிறார்.

அந்த மாதங்களிலும் டோக்கியோவின் ஜிங்கு காயென் பகுதியில் பழைய மரங்களை வெட்டக் கூடாது என்று மாநகர ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். உங்களுக்கு முடிந்த நாளில் '12'-ஐத் தாழ்ந்த ஒலியில் கேளுங்கள். முடியாத நாளில் கேட்க வேண்டாம். சிகிச்சை நல்லபடியாக முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள் அம்மா.

கேள்வி: அண்ணா, நான் லேப்டாப்பில் இசை செய்கிறேன். என் நண்பன் பம்பை அடிப்பவர் வீட்டுப் பிள்ளை. இருவரும் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று உட்கார்ந்தால் சண்டையில்தான் முடிகிறது. அவன் அடித்தால் என் ஒலி கேட்கவில்லை என்கிறேன். நான் சேர்த்தால் அவன் பம்பை பம்பை போலவே இல்லை என்கிறான்.
– இளைஞர், ஒகேனக்கல் அருகில்

தம்பி, இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பம்பை அடித்தால் தாழ்ந்த தொனியிலிருந்து கூர்மையான தொனி வரை இடம் முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். அதன் மேல் நீ எதை வைத்தாலும் அமுங்கும். அமுங்குகிறதே என்று நீ ஒலியைக் கூட்டுகிறாய். அவன் கருவி கெடுகிறது. ஒலியைக் கூட்டுவதில் இதற்குத் தீர்வு இல்லை.

சகாமோட்டோ, ஃபென்னெஸ் என்ற ஆஸ்திரியரோடு 2007-இல் செய்த 'சாந்த்ர்' என்ற ஆல்பத்தைக் கேளுங்கள். ஃபென்னெஸ் கிட்டாரை லேப்டாப்புக்குள் அனுப்பி அடர்ந்த இரைச்சலாக்கிவிடுபவர். அதோடு மல்லுக்கட்டினால் பியானோ தோற்றுவிடும். சகாமோட்டோ என்ன செய்தார்? குறைத்தார். நாலைந்து சுரம், பிறகு இடைவெளி. இரைச்சல் ஓர் இடத்தில் மெலியும்போது பியானோ தானாக மேலே வந்துவிடுகிறது. யாரும் யாரையும் அமுக்கவில்லை.

உங்களுக்கு இதை இப்படிச் செய்து பார்க்கச் சொல்வேன். முதலில் நண்பன் தனியாக அடிக்கட்டும். நீ பதிவு மட்டும் செய். பிறகு லேப்டாப்பைத் திறக்காமல் இருவரும் சேர்ந்து பதிவை முழுவதுமாகக் கேளுங்கள். அடிக்கும் அடிக்கும் நடுவில் எங்கே காற்று இருக்கிறது என்று அவனே காட்டட்டும். அந்த இடங்களில் மட்டும் நீ ஒலி வை. அவன் அடியின் மேல் கை வைக்காதே. அடுத்த முறை நீ முதலில் ஒரு நீண்ட தொனியைப் பதிவு செய்து கொடு. அவன் அதைக் கேட்டுக்கொண்டே அடிக்கட்டும். சகாமோட்டோவும் நிக்கோலாயும் ஒலிகளை அனுப்பி அனுப்பித்தான் தொடங்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் சண்டை வருகிறதென்றால் கொஞ்ச நாள் நீங்களும் அனுப்பிக்கொள்ளுங்கள்.

ஒலிகளை எங்கும் தேட வேண்டாம், ஒகேனக்கல் உங்கள் வாசலில் இருக்கிறது. ஆனால் அருவியின் முழக்கத்தைப் பதிவு செய்யாதே. எல்லாத் தொனியும் ஒரே நேரத்தில் விழுவதால் பதிவில் அது வெறும் 'ஸ்ஸ்' என்றுதான் வரும். பரிசலில் உட்கார்ந்து அதன் அடியில் தண்ணீர் தட்டும் ஒலியை எடு. எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் முதுகில் தட்டும் தாளத்தை, அவர்களிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு எடு. சகாமோட்டோ 2008-இல் கிரீன்லாந்துப் பக்கம் போனபோது, பனிக்கு அடியில் ஓடும் உருகுநீருக்குள் மைக்கை இறக்கி, தூண்டில் போட்டவரைப் போலக் காத்திருந்து ஒலி பிடித்தார். அந்த ஒலிகள் மறு ஆண்டு 'அவுட் ஆஃப் நாய்ஸ்' ஆல்பத்தில் வந்தன. நீருக்குள் இறங்கும் மைக் விலை அதிகம் என்று கவலைப்படாதே. பீசோ தகட்டை ரப்பர் பூச்சில் முக்கிக் காயவைத்தால் தொடக்கத்துக்குப் போதும்.

பம்பையைப் பதிவு செய்ய இரண்டு மைக் தேவை. ஒன்றை உருளைகளின் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வை. இன்னொன்றை அடிப்பவரின் தலைக்குப் பின்னால், அவர் காது கேட்பதை அது கேட்கும்படி. இரண்டும் என் கடையில் இருக்கின்றன. அமாவாசையன்று கடை பூட்டியிருக்கும். மற்ற நாளில் எப்போது வந்தாலும் எடுத்துப் போகலாம். வாடகை வேண்டாம். நண்பனையும் கூட்டிக்கொண்டு வா, அவன் அடிப்பதை நான் கேட்க வேண்டும்.